மணவீட்டுப் படப்பிடிப்பாளரும் தொழிலொழுக்கமும்

மணவீடு ஒன்றிற் கூலிக்கு அமர்த்தப்படுவோர் பலர். பந்தலிடுவோர், மணவறை சோடிப்போர், சமையற்காரர், நாதசுர தவில் வித்துவான்கள், ஒலிபெருக்கி பூட்டுவோர் என அவ்வரிசை நீளும். இவருட் பெரும்பாலார் செய்யும் தொழில் அன்றைப் பொழுதோடு முடிந்துவிடுவது. சாம்பாரில் உப்புக் கூடினால் அன்று நாலுபேர் முணுமுணுப்பர். மறுவாரம் அதனை நினைப்பார் இலர். பந்தலின் ஒரு மூலை சரிந்தால் இளைஞர் சிலர் கூடித் தூக்கி நிறுத்திவிடுவர். படப்பிடிப்பாளரின் நிலை இவ்வாறன்று. அவர் தொழிலின் பயன், பந்தலைப் பிரித்து, வாடகைக் கதிரைகளை ஏற்றியனுப்பிய பின்னரே தொடங்குகின்றது. பத்தாண்டு கழித்தும் ஐம்பதாண்டு கழித்தும் அது வேண்டப்படும். அவர் தவறவிட்ட ஒரு கணத்தை எவ்வளவு பணங் கொடுத்தும் மீட்டல் இயலாது. மணமகன் தாலி கட்டுவது ஒரு முறையே.

நல்ல படம் எது என்பது சுவையைப் பற்றிய வினா. ஒருவர் விரும்பும் வெளிச்சத்தை மற்றொருவர் விரும்பார். ஈண்டு ஆராயப்படுவது அதுவன்று. பணம் பெற்றுக்கொண்டு பிறர் வீட்டு மங்கல நிகழ்ச்சியிற் கமராவுடன் நுழையும் ஒருவர் எவ்வாறு நடத்தல் வேண்டும், தம் கையிற் சேரும் படங்களை எவ்வாறு பேணல் வேண்டும் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். மருத்துவர் ஒருவர் இலங்கை மருத்துவ சபையிற் பதிவு பெற்றே தொழில் நடத்தலாம். சட்டத்தரணி உயர் நீதிமன்றத்திற் சத்தியப்பிரமாணஞ் செய்தல் வேண்டும். முச்சக்கர வண்டி ஓட்டுபவருக்குங்கூட அனுமதிப்பத்திரம் இன்றியமையாதது. ஆனாற் கமரா ஒன்றை இன்று வாங்குபவர் நாளையே கலியாணப் படப்பிடிப்பாளர் என்று பெயர்ப்பலகை நாட்டலாம். இங்கிலாந்தில் 1901ஆம் ஆண்டிலேயே தொழில்முறைப் படப்பிடிப்பாளர் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டனர்; அதன் வழிவந்த நிறுவனம் இன்றும் உறுப்பினர்க்கு ஒழுக்கவிதி வகுத்து நடத்துகின்றது. அங்குங்கூட அதிற் சேராது தொழில் செய்வோரைத் தடுப்பார் இல்லை. ஆகவே இத்தொழிலின் ஒழுக்கம் பெரும்பாலும் செய்பவரின் மனச்சாட்சியையும் ஊர்ப்பேச்சையும் நம்பியே நிற்கின்றது.

ஒளிப்படக்கலை 1839ஆம் ஆண்டிற் பிரான்சில் உலகறிய வெளியிடப்பட்டது. சில பத்தாண்டுகளுக்குள் இலங்கையிலும் தொழில்முறை ஸ்ரூடியோக்கள் தோன்றின. கொழும்பில் ஸ்கீன் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிற் பெயர் பெற்று விளங்கிற்று. பிளாட்டே நிறுவனம் 1890இல் தொடங்கப்பட்டது. அக்காலத்துக் கமராக்கள் பெரியன. கண்ணாடித் தகடுகளோ பாரமானவை, உடையுந் தன்மையன. அவற்றைச் சுமந்துகொண்டு வீடுதோறுஞ் செல்லுதல் எளிதன்று. ஆதலின் மணமக்களே ஸ்ரூடியோவை நாடிச் சென்றனர். அங்கே தீட்டிய திரைச்சீலை ஒன்று தொங்கும். செதுக்கு வேலைப்பாடமைந்த நாற்காலி ஒன்றும் பூச்சாடி ஒன்றும் இருக்கும். ஒருவர் அமர, மற்றவர் அருகில் நிற்க, மூச்சையும் அடக்கிக்கொண்டு ஒரு படம், மிஞ்சினால் இரண்டு படம் எடுத்துக்கொண்டு மீள்வர். தாம் காட்ட விரும்பிய கோலத்தை மட்டுமே அவர் காட்டினர். படப்பிடிப்பாளர் கண்டதும் அதனை மட்டுமே.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிலைமை மாறிற்று. கையடக்கமான கமராக்களும் சுருட்பிலிமும் பிளாஷ் விளக்குகளும் பரவவே, படப்பிடிப்பாளர் மணவீட்டைத் தேடி வரலானார். இம்மாற்றம் கருவியோடு நின்றுவிடவில்லை. அயல்வீட்டார் எட்டிப் பார்க்க நாணும் அறைக்குள்ளே இவர் அழைத்துச் செல்லப்படுகின்றார். கூறை மாற்றி வரும் மணமகளின் தலைச்சோடனை சரிபார்க்கப்படுவதை இவர் காண்கின்றார். அடுக்களை வாயிலில் நின்று கண்ணைத் துடைக்கும் தாயைக் காண்கின்றார். சம்பந்தி வீட்டார் இருவரிடையே எழுந்த மனத்தாங்கலும், சீதனம் பற்றிய அடங்கிய குரற்பேச்சும் இவர் செவியில் விழுகின்றன. உறவினரும் அல்லர், விருந்தினரும் அல்லர். எனினும் வீட்டின் மறைவிடங்கள் யாவும் அன்று இவருக்குத் திறந்துவிடப்படுகின்றன. வைத்தியருக்கும் குருமாருக்கும் அன்றி வேறு எவருக்கும் ஒரு குடும்பம் இத்துணை எளிதில் வழிவிடுவதில்லை.

பிலிம் வழங்கிய காலத்துப் படப்பிடிப்பாளரிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அக்கட்டுப்பாட்டைக் கருவியே அவருக்குக் கற்பித்தது எனலாம். 120 என வழங்கிய சுருளிற் சதுரப் படங்கள் 12 மட்டுமே எடுக்கலாம். பன்னிரண்டாம் படம் முடிந்ததும் சுருளைக் கழற்றிப் புதியதை மாட்டல் வேண்டும். பிளாஷ் குமிழ் ஒரு முறை எரிந்தால் எறிய வேண்டியதே. பின்னர் வந்த மின்பிளாஷும் மீண்டும் மின்னேறச் சில விநாடி எடுக்கும். கன்னிகாதானம் நடந்துகொண்டிருக்கும்போது கமராவில் இரண்டு படத்திற்கே இடமிருந்தால், அனுபவம் மிக்கவர் அவ்விரண்டையும் கைவிட்டுச் சுருளை மாற்றிவிடுவார். கெட்டிமேளம் முழங்கும்போது பன்னிரண்டாம் படம் முடிந்த கமராவோடு நிற்பதிலும் பெரிய அவமானம் அத்தொழிலில் இருந்ததில்லை. இவ்வாறு கணக்கிட்டு நடப்பதற்குக் கிரியைகளின் ஒழுங்கு அவருக்கு மனப்பாடமாய் இருத்தல் வேண்டும். பொன்னுருக்கில் எது முக்கியம், கூறை கொடுத்தபின் எவ்வளவு நேரஞ் செல்லும், தாலி கட்டியதும் மாலை மாற்றல் எப்போது, அம்மி மிதிக்கையில் எப்பக்கம் நின்றாற் குருக்களின் கை மறைக்காது என்பனவெல்லாம் அவர் அறிந்திருந்தார். அறியாதவர் குருக்களிடம் முன்னரே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இன்றைக் கமராவில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கும். எடுத்த படத்தை உடனே பார்க்கலாம். இது பெருவசதி என்பதில் ஐயமில்லை. எனினும் கிரியையை அறிந்து காத்திருக்கும் பழக்கம் இதனாற் குறைந்து போயிற்று. காத்திருக்கத் தெரியாதவர் கட்டளையிடத் தொடங்குவர். மணவறையைச் சுற்றி இருவர் மூவர் கமராவுடனும், வீடியோ எடுப்பவர் ஒருவர் பெருவிளக்குடனும், அவருக்கு வயர் பிடிக்கும் பையன் ஒருவனும் அரண் போல் நிற்கும் காட்சி இன்று எம்மருங்குங் காணப்படுவது. மணமக்களை வாழ்த்த வந்த பேரன்மாரும் பேர்த்திமாரும் கண்ட முதியோர், அறுகரிசியைக் கையில் வைத்துக்கொண்டு படப்பிடிப்பாளரின் முதுகைப் பார்த்திருக்கின்றனர். மணமகன் தாலியைக் கையிலெடுத்த வேளையில், சற்றுப் பொறுங்கள், இப்பக்கம் திரும்புங்கள், சிரியுங்கள் என்ற குரல் எழுகின்றது. குருக்கள் மந்திரத்தை நிறுத்தி நிற்கின்றார். சுபமுகூர்த்தம் இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை என்று அழைப்பிதழில் அச்சிட்டு ஊரெல்லாங் கொடுத்த குடும்பம், அம்முகூர்த்தம் கமராவுக்காகக் கழிவதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது. காலணியைக் கழற்றாது மணவறையில் ஏறுவோருமுண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்ய வந்தவர் அந்நிகழ்ச்சியின் அதிபதியாகிவிடுதல் தொழிற்றிறமையின் அடையாளமன்று. பின்னர் அல்பத்தைப் புரட்டும்போது மணமக்களின் கண்கள் ஒருவரையொருவர் நோக்காது, எரியோம்பும் இடத்தையும் நோக்காது, ஒவ்வொரு படத்திலும் கமராவையே நோக்கி நிற்கக் காணலாம். நடந்த கலியாணத்தின் படமாக அது அமையாது. படத்திற்காக நடத்திய கலியாணமாக அமைந்துவிடும்.

கிறித்தவ தேவாலயங்கள் சிலவற்றில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. படப்பிடிப்பாளர் எங்கே நிற்கலாம், எவ்வேளையிற் பிளாஷ் ஒளிரக் கூடாது என்பதைப் பங்குக் குருவானவர் முன்னரே கூறிவிடுவார். மீறுவோரை அவ்விடத்திலேயே தடுப்பார். இந்துத் திருமணங்களிற் குருக்கள்மார் பலர் கூச்சத்தினாலோ, வீட்டாரின் மனம் நோகும் என்றோ வாளாவிருந்து விடுகின்றனர். முஸ்லிம் குடும்பங்களில் மற்றொரு கடமை எழுகின்றது. பெண்கள் தனித்துக் கூடும் இடத்திற் பெண் படப்பிடிப்பாளரே வேண்டும் என்று கேட்போர் பலர். அவ்வேண்டுகோளை ஏற்றவர், எடுப்பவர் பெண்ணாயிருந்தாற் போதும் என்று எண்ணிவிடலாகாது. அப்படங்களைக் கணினியிற் திருத்துபவர் யார், அச்சிடுபவர் யார், அல்பங் கட்டுபவர் யார் என்பதும் அவ்வாக்குறுதியுள் அடங்கியதே. எடுத்தவர் பெண், திருத்தியவர் நாலு ஆண்கள் எனின் அவ்வாக்குக் காக்கப்பட்டதாகாது.

வாடிக்கையாளர் கண்ணாற் கண்டு மதிப்பிடத்தக்க குறைகளைப் பற்றி இதுவரை கூறப்பட்டது. அவர் ஒருபோதும் காணமுடியாத குறைகளும் உள. தொழிலொழுக்கத்தை உண்மையில் அளக்கும் கோல் அங்கேதான் இருக்கின்றது. இருட்டறையிற் படம் கழுவிய காலத்தை எண்ணிப் பார்க்கலாம். படத்தாளை உருத்துலக்கும் திரவத்தில் இட்டபின், ஹைப்போ என்ற உப்புக் கரைசலில் இட்டு நிலைப்படுத்துவர். அதன்பின் அந்த ஹைப்போ முற்றாக நீங்கும்வரை, தடித்த தாளாயின் ஏறத்தாழ ஒரு மணி நேரம், நன்னீரில் அலசல் வேண்டும். அலசாத படமும் அலசிய படமும் கையளிக்கும் நாளில் ஒன்றுபோலவே பளபளக்கும். ஆனாற் தாளில் தங்கிய ஹைப்போ மெல்லமெல்ல வெள்ளியைத் தாக்கும். சில ஆண்டுகளிற் படம் மஞ்சளித்து, பழுப்பேறி, மணமகளின் முகம் மங்கிவிடும். குழாய்நீர் இல்லாத யாழ்ப்பாணத்திற் படம் அலசுவதற்குக் கிணற்றிலிருந்தே நீர் அள்ளல் வேண்டும். கோடையிற் கிணறு வற்றி, வாளி அடியில் மோதும் காலத்திற் பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளும்படி சோம்பல் தூண்டும். நிறுத்தினால் எவரும் அறியார். அவ்வாறிருந்தும் ஒரு மணி நேரம் நீரள்ளி ஊற்றியவர் பலர் இருந்தனர் என்பதற்கு, அறுபது ஆண்டு கடந்தும் கருமையும் வெண்மையும் குன்றாது பல வீட்டுச் சுவர்களில் தொங்கும் படங்களே சான்று.

இன்று ஹைப்போ இல்லை. எனினும் அதற்கு நிகரான காரியம் உண்டு. தரமான கமராக்களில் இரண்டு மெமரி காட் இடலாம். ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும். ஒன்று பழுதானால் மற்றது காக்கும். மலிவை நாடி ஒன்றையே இடுவோர் உளர். வீடு திரும்பியதும் படங்களை வெவ்வேறு ஹாட் டிஸ்க் இரண்டிற் பதிந்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வைத்துவிட்டு, அதன்பின்னரே மெமரி காட்டைத் துடைத்தல் முறை. மறுநாட் காலை வேறொரு கலியாணம் இருக்கின்றது என்ற அவசரத்திற் பதியாமலே துடைத்துவிட்டு, பின்னர் வீட்டாரிடம் காரணங் கூறித் திரிவது சோம்பலின் விளைவே. அதற்கு விதியைக் குறை கூறிப் பயனில்லை.

எடுத்த படம் யாருக்கு உரியது? இவ்வினாவைப் பற்றி ஆங்கில நீதிமன்றங்கள் அளித்த இரு தீர்ப்புகள் நேயர்கள் அறிந்திருக்கத் தக்கன. 1888ஆம் ஆண்டில் ஓர் அம்மையார் கடையொன்றிற் தம்மைப் படமெடுப்பித்து, அதற்குரிய பணத்தையுஞ் செலுத்தினார். பின்னர் அக்கடையார் அவர் படத்தை நத்தார் வாழ்த்து மடலாக ஆக்கி, கடையின் கண்ணாடி யன்னலில் விற்பனைக்கு வைத்தனர். அம்மையார் வழக்கிட்டார். நெகட்டிவ் எங்களுடையது, அதைக்கொண்டு எதையுஞ் செய்வோம் என்பதே கடையாரின் வாதம். நீதிபதி நோர்த் அதனை ஏற்கவில்லை. பணங் கொடுத்துப் படமெடுப்பிக்கும் உடன்படிக்கையினுள்ளே, அவர்க்காக அன்றி வேறெதற்கும் அந்நெகட்டிவைப் பயன்படுத்துவதில்லை என்ற வாக்கும் சொல்லாமலே அடங்கியிருக்கின்றது என்றும், அவ்வாறு பயன்படுத்துதல் நம்பிக்கைத் துரோகம் என்றுந் தீர்ப்பளித்து, கடையாரைத் தடுத்தார்.

இரண்டாவது வழக்கு கலியாணப் படத்தைப் பற்றியதே. 1950களில் இங்கிலாந்தில் ஒரு மணமகன் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் ஒருவரைக் கொண்டு தம் திருமணத்தைப் படமெடுப்பித்தார். சிறிது காலங் கழித்து மணமகளின் தந்தையார் கொலையுண்டார். செய்தித்தாள்கள் அச்செய்தியைப் பெரிதாக்கின. நிருபர்கள் படப்பிடிப்பாளரைத் தேடிவந்து கேட்டபோது, கொலையுண்டவர் நிற்கும் கலியாணக் குழுப்படத்தை அவர் விற்றுவிட்டார். மகள் கர்ப்பவதியாய்த் துயரில் ஆழ்ந்திருந்த வேளையில், அவளுடைய மணக்கோலம் தேசியப் பத்திரிகைகளின் பக்கத்தில் வெளிவந்தது. மணமகன் தொடுத்த வழக்கில் 1,000 பவுண் நட்டஈடு விதிக்கப்பட்டது. அந்நாளில் அஃது ஒரு பெருந்தொகை. 1960இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தொகையை உறுதிசெய்தது. படத்தின் பதிப்புரிமை படமெடுப்பித்தவருக்கே உரியது என்பதோடு, அவர் மனத்துயரைச் சிறிதும் பொருட்படுத்தாது நடந்தமையும் அத்தண்டனைக்குக் காரணமாயிற்று.

இவ்வழக்குகள் கடல்கடந்த நாட்டன எனினும், இலங்கைக்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டு. ஒருவர் பணங்கொடுத்துப் படமெடுப்பித்தால், மறுதலையான உடன்படிக்கை இல்லாதவிடத்து, அதன் பதிப்புரிமை எடுப்பித்தவரைச் சாரும் என்று கூறிய 1911ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டமே இலங்கையிலும் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. 1979ஆம் ஆண்டு 52ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இப்போது நடைமுறையிலுள்ளது 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம். படைப்பின் பொருளாதார உரிமை முதற்கண் படைத்தவருக்கே என்பது இதன் பொதுவிதி. இங்கிலாந்திலும் 1988ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையைப் படப்பிடிப்பாளர்பக்கம் மாற்றிற்று. எனினும் வீட்டுத் தேவைக்காக எடுப்பித்த படத்தை, எடுப்பித்தவரின் இசைவின்றி வெளியிடலாகாது என்ற தனிக்காப்பை அச்சட்டம் உடன்சேர்த்தது. ஆகவே இங்கு இன்று படமெடுப்பிப்போர், படங்கள் எங்கெங்கே வெளியிடப்படலாம், எங்கே கூடாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளல் நன்று. நூறு சொற்களில் எழுதப்பட்ட ஓர் ஒற்றைத் தாளே போதும்.

அக்கடையின் கண்ணாடி யன்னல் ஒரு தெருவாருக்கே தெரிந்தது. இன்றைய முகநூற் பக்கம் உலகத்தார் அனைவருக்குந் திறந்தது. கலியாணம் முடிந்த இரவே, மணமக்கள் தாமே இன்னும் பார்க்காத படங்கள், ஸ்ரூடியோவின் பெயரைப் பொறித்துக்கொண்டு அங்கே தோன்றிவிடுகின்றன. விளம்பரமின்றித் தொழில் நடவாது என்பது மெய்யே. ஆனாற் படப்பிடிப்பாளரின் விளம்பரத்திற்கு மணமகளின் முகம் இலவசப் பொருளாகிவிடலாகாது. மணம் முறிந்தவர்களின் படம் ஸ்ரூடியோவின் பக்கத்தில் ஆண்டுக்கணக்காகச் சிரித்துக்கொண்டிருப்பதும், விதவையான பெண்ணொருத்தியின் தாலிகட்டுப் படம் வாடிக்கையாளரை அழைக்கும் பலகையாவதும் நேரக்கூடியவையே. முற்பணம் வாங்கும்போது இசைவையும் சேர்த்துக் கேட்பதும், பின்னர் ஒரு நாள் எடுத்துவிடுங்கள் என்று வீட்டார் சொன்னால் வினாவின்றி எடுத்துவிடுவதும் நேர்மையாளர் வழக்கம்.

மெய்ம்மையைப் பற்றியும் ஒரு சொல். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணந் தீட்டிய பழைய காலத்திலும் கன்னத்திற் சற்றுச் சிவப்பு ஏற்றிக் கொடுத்தனர். இக்காலத்துக் கணினி செய்வது அவ்வளவில் நிற்பதில்லை. மாநிறமோ கருநிறமோ உடைய பெண் அல்பத்தில் வெளிறிப்போய், பெற்ற தாயே ஒரு கணம் தயங்கிப் பார்க்கும்படி ஆகிவிடுகின்றாள். யாருங் கேளாமலே இது செய்யப்படுகின்றது. கேளாது செய்யும் இவ்வுபகாரத்தில், உன் நிறம் குறையுடையது என்ற கூற்று ஒளிந்திருக்கின்றது என்பதைச் செய்வோர் உணர்வதில்லை.

இதனினும் கடியது மற்றொன்று. வெளிநாட்டிலுள்ள துணைவரோடு சென்று சேர விண்ணப்பிப்போரிடம், மணம் மெய்யாகவே நடந்தது என்பதற்குக் கனடா முதலிய நாடுகளின் குடிவரவு அலுவலகங்கள் படங்களையும் சான்றாகக் கேட்கின்றன. படப்பிடிப்பாளர் அறிந்தோ அறியாமலோ அங்கே சாட்சியாகின்றார். நடவாத கலியாணத்தை நடந்ததாக, ஐம்பது பேரைக் கூட்டி மாலையிட்டுப் படம் எடுத்துத் தரும்படியோ, படத்தின் திகதியை மாற்றித் தரும்படியோ கேட்பவரிடம் இயலாது என்று கூறும் துணிவு அவருக்கு வேண்டும். ஒருவர் பொய்ப்படம் கொடுத்தால், அடுத்து மெய்யாக மணந்த பத்துப் பெண்களின் விண்ணப்பங்கள் ஐயத்திற்கு ஆளாகும்.

பணக்கொடுக்கல் வாங்கலில் எழும் பிணக்குகள் பலவற்றுக்கும் பஞ்சாங்கமே ஒருவகையிற் காரணம். ஆடியும் மார்கழியும் விலக்கப்படுவன. எஞ்சிய மாதங்களிலும் முகூர்த்த நாட்கள் சிலவே. ஒரே நாளில் ஊரெங்குங் கெட்டிமேளம் கேட்கும். அன்று படப்பிடிப்பாளருக்குப் பெருங்கிராக்கி. பெயர்பெற்றவர் இரண்டு மூன்று வீட்டில் முற்பணம் வாங்கிக்கொண்டு, ஒன்றிற்குத் தாம் சென்று, மற்றவற்றிற்கு நேற்றுச் சேர்ந்த பையன்களை அனுப்பிவிடுவதுண்டு. வீட்டார் அவருடைய கையை நம்பிப் பணங் கொடுத்தனர். வருபவர் யார் என்று முன்னரே பெயர் சொல்லி உடன்பட்டிருந்தால் இக்குறை எழாது. பையனை அனுப்புதல் பிழையன்று; மறைத்து அனுப்புதலே பிழை. 2020இல் ஊரடங்கினாற் கலியாணங்கள் தள்ளிவைக்கப்பட்டபோது முற்பணம் யாருக்கு என்ற வாக்குவாதம் மூண்டது. 2022இல் ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, பழைய விலைக்கு அல்பம் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டவர்கள் தாளும் மையும் வாங்க வழியறியாது திகைத்தனர். இவ்விரு காலத்திலும், வாய்ப்பேச்சை நம்பியவர்கள் இருபக்கமும் இடருற்றனர்.

வீட்டாருக்கும் கடமை உண்டு. விடியற்காலை நான்கு மணிக்கு வந்தவரைப் பிற்பகல் மூன்று மணி வரை ஒரு வாய் சோறு உண்ண அழையாத வீடுகள் உள. மிகுதிப் பணத்தை ஆண்டுக்கணக்காக இழுத்தடித்துவிட்டு, அல்பத்தைத் தரவில்லை என்று ஊரெல்லாந் தூற்றுவோரும் உளர். தாலி கட்டும் வேளையில் உறவினர் பதின்மர் தத்தம் கைத்தொலைபேசியை உயர்த்தி நீட்டினால், எத்தகைய வல்லவரும் அக்கைகளின் காட்டையே படமெடுத்துத் திரும்புவார்.

இவ்வளவு கண்டிப்பு ஒரு கலியாணப் படத்திற்கு வேண்டுமா என்று வினவுவோர் இருக்கலாம். வடக்கிலுங் கிழக்கிலும் வாழ்ந்தோர் அவ்வாறு வினவார். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் இருந்தன. அந்நாளிலும் கலியாணங்கள் நடந்தன, படங்களும் எடுக்கப்பட்டன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, காணி உறுதியும் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் வைத்த பையினுள்ளே சிலர் அல்பத்தையும் திணித்துக்கொண்டனர்; பலருக்கு அதற்கு நேரமில்லை. 2004 மார்கழி 26இற் கரையோர வீடுகளை அள்ளிச் சென்ற கடல், அலுமாரிகளையும் அவற்றுள் இருந்த படங்களையும் கொண்டுபோயிற்று. 2009இல் வன்னியிலிருந்து வெளிவந்தோருட் பெரும்பாலார் உடுத்த உடையோடு வந்தனர். 2017 மாசி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமற் போனோரின் தாய்மாரும் மனைவிமாரும் தெருவோரக் கொட்டில்களில் அமர்ந்து போராடத் தொடங்கினர். அவர் கையிலேந்திய படங்களுள் அடையாள அட்டைக்காக எடுத்தவை உண்டு. மாலையுங் கழுத்துமாக நிற்கும் மணக்கோலப் படங்களும் உண்டு. அப்படத்தை எடுத்தவர் அன்று அதனை ஆயிரத்தில் ஒன்றாகவே எண்ணியிருப்பார். மங்காமற் கழுவினாரா, முகம் தெளியக் குவித்தாரா, நெகட்டிவைப் பேணினாரா என்பன அன்றைக்குச் சிறிய காரியங்கள்.

பேணுதலிற் பழைய ஸ்ரூடியோக்களுக்கு ஒரு வழக்கமுண்டு. நெகட்டிவ்களை வீட்டுக்கு வீடு தனித்தனிக் கடதாசி உறையில் இட்டு, உறையின்மேல் திகதியும் பெயரும் இலக்கமும் எழுதி, ஒரு பதிவேட்டிலும் அவ்விலக்கத்தைக் குறித்து வைப்பர். இருபதாண்டு கழித்து ஒருவர் வந்து தந்தையாரின் கலியாணப் படத்திற்குப் பிரதி வேண்டும் என்றாற் பதிவேட்டைப் புரட்டி எடுத்துக் கொடுக்கலாம். நெகட்டிவில் ஈரஞ் சேர்ந்தாற் பூஞ்சணம் பற்றும்; ஆதலின் மாரிகாலத்தில் அலுமாரியினுள் ஒரு சிறு மின்குமிழை எரியவிடுவாரும் உண்டு. இன்று அத்தகைய ஸ்ரூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. முதலாளி மூப்படைந்துவிட்டார்; பிள்ளைகள் வேறு தொழிலிலோ வேறு நாட்டிலோ இருக்கின்றனர்; கட்டடத்தை ஒழித்துக் கொடுக்க வேண்டியிருக்கின்றது. பெட்டி பெட்டியாகக் கிடக்கும் நெகட்டிவ்களைக் குப்பை வண்டியில் ஏற்றிவிடுவதே சுலபமான வழி. எரிப்பாரும் உளர். அதற்கு முன் ஒரு மாதம் கடைவாயிலில் ஓர் அறிவித்தல் ஒட்டினால், பெயரைக் கண்டு வருவோர் தத்தம் உறையைப் பெற்றுச் செல்வர். எவரும் வாராத உறைகளைப் பதிவேட்டோடு சேர்த்து ஊர் வாசிகசாலையிலோ பாடசாலையிலோ ஒப்படைக்கலாம். பதிவேட்டை மட்டும் தவறவிடலாகாது. அது தொலைந்தால் உறையிலிருக்கும் முகங்களுக்குப் பெயர் இல்லாமற் போய்விடும்.